பிள்ளையார்பாளையத்தில் ஒரு டர்போ கார்... நாலு இன்ஜெக்டரும் மூணு புடவைக் கூலியும்!

காஞ்சிபுரம் என்று சொன்னதும் ஆபீஸில் வருகிற முதல் கேள்வி, "உங்க ஊர்ல பட்டுப்புடவை சீப்பா கிடைக்குமா?" இரண்டாவது, "கோயில் இட்லி எங்க நல்லாருக்கும்?" மூன்றாவது, "அத்திவரதர் மறுபடி எப்போ வருவார்?" (2059-ல். அப்போது எனக்கு ரிட்டயர்மென்ட் வயது தாண்டியிருக்கும்.)

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இதுவரை ஒருவர்கூட என்னிடம் ஃபியூயல் இன்ஜெக்டர் பற்றிக் கேட்டதில்லை. ஆனால், கடந்த ஐந்து மாதமாக பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே அதுதான். அம்மாகூட இப்போது 'டியூட்டி சைக்கிள்' என்கிறார். எதற்கென்றால், "உன் தம்பி பாத்ரூம்ல தொண்ணூறு சதவீத டியூட்டி சைக்கிள்ல இருக்கான், கதவைத் தட்டு" என்று சொல்ல!

தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வேலைக்குப் போய் மூன்றாவது வருடம் சேமிப்பையெல்லாம் போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினான். ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 114 குதிரைத்திறன். 2010-ல் இந்தியாவுக்கு வந்த கார். பிஎஸ்-6 விதி வருவதற்கு முன்பே ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. "கம்பெனியே போயிடுச்சு, காரை எதுக்குடா வாங்குற?" என்று கேட்டோம். "அதனாலதான்க்கா இந்த விலைக்குக் கிடைச்சுது" என்றான். இந்த மாதிரி ஆட்களிடம் மேற்கொண்டு பேச முடியாது.

அதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. காரை முன்பு வைத்திருந்தவர் எங்கோ ஒரு பெரிய நகரத்தில் 'ரீமேப்' செய்திருந்தார். அதாவது, காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி, டர்போவைக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடைக்கவைத்து, 150 குதிரைத்திறன் வரை ஏற்றியிருந்தார். செய்து கொடுத்தவர் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. தம்பிக்கு இது லட்டு. பிரச்னையும் இதில்தான் ஆரம்பம்.

கார் பிடிக்காதவர்களும் கொஞ்சம் இருங்கள். இன்ஜெக்டர் உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபிறகு வாங்கிய பைக்கோ ஸ்கூட்டரோ இருந்தால், பெரும்பாலும் அதில் கார்புரேட்டர் கிடையாது. சுண்டுவிரல் அளவில் ஒரு இன்ஜெக்டர்தான் பெட்ரோலைத் தெளிக்கிறது. தாத்தா காலத்துப் பத்மினி காரில் காற்று உள்ளே போகும்போது பெட்ரோலைத் தானே உறிஞ்சிக்கொண்டு போகும். அதுதான் கார்புரேட்டர். இன்ஜெக்டரில் அப்படி இல்லை. உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ஊசி. கரன்ட் வந்தால் ஊசி மயிரிழை அளவு தூக்கும், பெட்ரோல் பனிபோலத் தெளிக்கும். கரன்ட் நின்றால் மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். 1998-ல் எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது, விளம்பரங்களில் 'எம்பிஎஃப்ஐ' என்று ஒரு எழுத்துக்கூட்டம் வரும் இல்லையா... ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் என்பதுதான் அதன் அர்த்தம்.

நேரக் கணக்கைக் கேட்டால் எனக்கே மலைப்பாக இருக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒரு முழு ஓட்டத்துக்கு, அதாவது காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளுவதற்கு, ஆவது 20 மில்லிசெகண்ட். நாம் ஒருமுறை கண் இமைக்கிற நேரத்துக்குள் இது பலமுறை முடிந்துவிடும். அந்த 20-ல் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருக்கிறது என்பதுதான் அம்மா சொல்கிற டியூட்டி சைக்கிள். 16 மில்லிசெகண்ட் என்றால் 80 சதவீதம். விவரம் தெரிந்தவர்கள் அதற்கு மேல் போக விரும்பமாட்டார்கள். ஊசி திறக்கவும் மூடவும்கூட நேரம் வேண்டுமே!

தம்பியின் கார் 90-ல் இருந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் பொன்னேரிக்கரை பக்கம் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். பழைய பெட்ரோல் கார் என்றால் காஞ்சிபுரத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். தம்பி அவரை 'மாஸ்டர்' என்பான், எனக்கு அண்ணன். நான்காவது கியரில் அழுத்தி ஓட்டும்போது ஏதோ பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது என்று தம்பி போய் நின்றிருக்கிறான். டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல. அவர் லேப்டாப்பை மாட்டி, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, முதலில் கேட்ட கேள்வி: "எந்த பங்க்ல பெட்ரோல் போடுற?"

"எல்லா பங்க்லயும் ஒண்ணுதானே அண்ணா..."

"அதான் விஷயம்."

நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் இ20 பெட்ரோல் ஆரம்பமானது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இப்போது எங்கு போனாலும் அதுதான். எத்தனால் நல்லதா கெட்டதா என்று வாட்ஸ்அப்பில் நடக்கும் சண்டைக்குள் நான் போகவில்லை. இங்கே வேண்டியது ஒரே ஒரு கணக்கு. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே அளவு காற்று உள்ளே வந்தால், இ20-ஐ சுத்தமான பெட்ரோலைவிட ஏழெட்டு சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

சாதாரண கார்களுக்கு இது பெரிய விஷயமில்லை. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்லும், கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். ஆனால், இந்த மாதிரி பழைய கார்களில் முழு ஆக்சிலரேட்டர் அழுத்தினால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சென்சார் பேச்சைக் கேட்காது. எழுதிவைத்த கணக்கின்படிதான் ஊற்றும். அப்படியே கேட்டாலும், 90-ல் நிற்கிற இன்ஜெக்டருக்கு எட்டு சதவீதம் கூட்டினால் 97. இருபது மில்லிசெகண்டில் மிச்சம் அரை மில்லிசெகண்டுதான். மூடித் திறக்கவே அது பத்தாது. அதற்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை.

காற்று இருக்கிறது, பெட்ரோல் இல்லை என்றால் சூடு ஏறும். டர்போ காரில் இது விபரீதம். ஸ்பார்க் வருவதற்கு முன்பே, அல்லது வந்த பிறகு வேறொரு மூலையில், கலவை தானாக வெடிக்கும். அந்தக் கூழாங்கல் சத்தம் அதுதான். தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய பிஸ்டன் மெழுகு மாதிரி உருகும். மாஸ்டர் ஷெட்டில் அப்படி ஒரு பிஸ்டனை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், வருகிற பையன்களுக்குக் காட்ட. நடுவில் ஓட்டை. எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது.

"ரெண்டு வழிதான். மேப்பைப் பழையபடி கம்பெனி மேப்புக்கு மாத்து, நிம்மதியா ஓட்டு. இல்ல, பெரிய இன்ஜெக்டர் போட்டு மேப்பைத் திருத்து" என்றார்.

என்னைக் கேட்டிருந்தால் முதல் வழியைத்தான் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் இருக்கும் பாதி வீடியோக்கள், பெரிய இன்ஜெக்டர் போட்டால் பவர் கூடும் என்கின்றன. அது உண்மையில்லை. பவர் வருவது காற்றால். டர்போ எவ்வளவு காற்று அடைக்கிறதோ, அதற்குப் போதுமான பெட்ரோல் இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது மட்டும்தான் இன்ஜெக்டரின் வேலை. சும்மா இருக்கும் காரில் பெரிய இன்ஜெக்டர் மாட்டினால் மைலேஜ்தான் போகும்.

இனி பணக்கதை.

நல்ல கம்பெனி இன்ஜெக்டர் நாலும் சேர்ந்து 28,000 ரூபாய் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எந்தத் தொகையையும் அப்பா புடவையாக மாற்றித்தான் யோசிப்பார். முப்பத்தைந்து வருடமாகக் கூலி நெசவு. குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்தால், ஒரு முகூர்த்தப் புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். "மூணு புடவைக் கூலி" என்றார் அப்பா. "ஒன்றரை மாசம் நான் கால் மிதிக்கணும். ஒரு சொட்டு பெட்ரோல் அதிகமா ஊத்துறதுக்கு!"

தம்பி அப்பாவிடம் பணம் கேட்கவில்லை. அவன் சம்பளம்தான். ஆனால், அந்தக் கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமில்லை. எங்கள் தெருவில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டினாலும் தறிச்சத்தம் கேட்கும். இப்போது எண்ணி நாலு வீடு. தம்பியை அப்பா தறியில் உட்காரச் சொன்னதே இல்லை. படிக்கச் சொன்னார், வேலைக்குப் போகச் சொன்னார். அவன் போனான். போனவன் வீடு கட்டவோ, சீட்டுப் போடவோ செய்யாமல் கம்பெனியே இல்லாத ஒரு காருக்கு உதிரிபாகம் தேடுகிறான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தம்பி ஆன்லைனில் எங்கோ பிடித்து நாலு இன்ஜெக்டரை 9,000 ரூபாய்க்கு வரவழைத்துவிட்டான். அதே பெயர், அதே பெட்டி, அதே எண். "பாருங்கப்பா, ஒரு புடவைதான்" என்று அப்பாவிடம் காட்டினான்.

மாஸ்டர் அதை வாங்கி எடை பார்ப்பது மாதிரி உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றும் சொல்லாமல் டெஸ்ட் பெஞ்சில் மாட்டினார். நாலு கண்ணாடிக் குழாய், மேலே நாலு இன்ஜெக்டர். பதினைந்து செகண்ட் முழுசாகத் திறந்துவிட்டால் ஒவ்வொன்றும் எவ்வளவு ஊற்றுகிறது என்று குழாயில் தெரியும். முதலில் காரில் இருந்து கழற்றிய பழைய நாலு. நாலிலும் 60 மில்லி, கோடு போட்ட மாதிரி. நிமிடத்துக்கு 240 சிசி. அடுத்து புதுசு. நிமிடத்துக்கு 330 சிசி என்று பெட்டியில் எழுதியிருந்தது. அப்படியென்றால் ஒவ்வொரு குழாயிலும் 82 மில்லி வர வேண்டும்.

வந்தது: 80, 83, 69, 88.

"இதை மாட்டியிருந்தா என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மா. கார் சூப்பரா ஸ்டார்ட் ஆகும், சூப்பரா ஓடும். சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் சேர்த்துத்தானே மோந்து பாக்குது? சராசரி சரியா இருக்குன்னு சொல்லும். மூணாவது சிலிண்டர் மட்டும் உள்ளுக்குள்ள வெந்துட்டு இருக்கும். ஒருநாள் அதோ, அப்படி ஆகும்" என்று ஆணியில் தொங்கிய பிஸ்டனைக் காட்டினார்.

அன்றைக்கு அப்பாவும் வந்திருந்தார். தம்பி கூப்பிடவில்லை, ரேஷன் கடைக்குப் போகிற வழி என்று சொல்லிக்கொண்டு வந்தார். (ரேஷன் கடை எதிர்த் திசையில் இருக்கிறது.) குழாய்களைக் குனிந்து பார்த்தார். அந்த மூன்றாவது இன்ஜெக்டரை வாங்கி நகத்தால் சுரண்டினார். எழுத்து லேசாக உதிர்ந்தது.

"போலி ஜரிகை" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வார்த்தை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். இதற்காகவே காஞ்சிபுரத்தில் அரசு ஜரிகை ஆலை இருக்கிறது. போலி ஜரிகைப் புடவை கடையில் மின்னும், கல்யாணத்திலும் மின்னும். பீரோவில் நாலு வருடம் இருந்த பிறகுதான் கறுக்கும். அதற்குள் விற்றவர் எங்கே, வாங்கியவர் எங்கே? காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி இத்தனை வருடம் ஆகியும் அப்பா மாதிரி ஆட்கள் தோற்றுக்கொண்டிருப்பது இந்த மாதிரிச் சரக்கிடம்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோது, இன்ஜெக்டர் சண்டை முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"அசலே வாங்கு. இல்லன்னா இதைத் தொடாதே" என்றார். அவ்வளவுதான். தம்பி மறுபடி சேர்க்க இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதம் கார் ஷெட்டிலேயே நின்றது. 9,000 ரூபாய் திரும்பி வரவில்லை. விற்ற பக்கமே காணாமல் போயிருந்தது.

அந்த இரண்டு மாதத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த உரையாடல் நடந்தது. இன்ஜெக்டர் மாற்றினால் மட்டும் போதாது, மேப்பையும் மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். மேப் என்றால் என்ன என்று அப்பாவுக்கு எப்படி விளக்குவது எனத் திணறினான். "இத்தனை சுற்று, இத்தனை காத்து வந்தா, இத்தனை நேரம் திறன்னு ஒரு பெரிய கட்டம்ப்பா..."

அப்பா தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார். "அட்டைதானே?"

ஜக்கார்டு தறியைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டை போட்ட அட்டைகள் கோத்து மாலை மாதிரித் தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. மயிலோ, மாங்காயோ, எல்லாமே அந்த அட்டையில் இருக்கிறது. பிரான்சில் 1804 வாக்கில் வந்த இந்த அட்டை யோசனைதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கே வழிகாட்டியது என்று படித்திருக்கிறேன். அப்பா அதைப் படித்ததில்லை. ஆனால், அவர் சொன்னது இது:

"அதே அட்டையை வெச்சுக்கிட்டு ஊடையை மட்டும் தடிமனாப் போட்டா என்ன ஆகும்? புட்டா நீண்டுக்கும். வட்டமா இருக்க வேண்டியது முட்டை மாதிரி ஆயிடும். ஊடை மாத்தினா அட்டையும் மாத்தித்தான் ஆகணும். இதுக்கு எதுக்குடா இவ்வளவு இங்கிலீஷு?"

தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவன் மூன்று மாதமாக வீடியோ பார்த்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பெரிய இன்ஜெக்டரைப் பழைய மேப்போடு ஓட்டினால், கம்ப்யூட்டர் பழைய நேரத்துக்கே திறக்கும், பெட்ரோல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கொட்டும். கறுப்புப் புகை, நனைந்த ஸ்பார்க் பிளக், கெட்டுப்போகும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அப்பா பாஷையில், முட்டை புட்டா.

மாட்டிய நாளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். தயவுசெய்து யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பெட்ரோல் லைனில் இன்ஜின் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். சூடான இன்ஜினில் அது பீய்ச்சினால் முடிந்தது கதை. மாஸ்டர் முதலில் அழுத்தத்தை இறக்கினார், பேட்டரி ஒயரைக் கழற்றினார், தீயணைக்கும் சிலிண்டரைக் காலடியில் வைத்துக்கொண்டார். புது ரப்பர் வளையங்களில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி ஒவ்வொன்றாக அழுத்தினார். வறண்ட வளையம் மடங்கினால் கசியுமாம். சாவியைப் பாதி திருப்பி, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். பிறகுதான் ஸ்டார்ட். நாலு அசல் இன்ஜெக்டரும் பெஞ்சில் 82, 82, 81, 82 காட்டியிருந்தன.

சரி, இத்தனையும் எதற்கு? எங்கே ஓட்டப்போகிறான்?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. என் வேலை என்ன தெரியுமா? காலை ஷிப்டில் விபத்துச் செய்திகளை எடுத்து, தலைப்பு வைத்து, உங்கள் போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புவது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டிப் போகிறது. 'காஞ்சிபுரம் அருகே' என்று ஆரம்பிக்கும் வரியை எத்தனை முறை டைப் செய்திருப்பேன்! கார் கவிழ்ந்தது, இளைஞர்கள், அதிவேகம். தம்பி கார் வாங்கிய நாளில் இருந்து, அந்த வரி வந்தால் முதலில் போட்டோவைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் பார்ப்பேன். அதன் பிறகுதான் தலைப்பு. பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இது தெரியாது.

அதனால், நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ரோட்டில் கிடையாது. பந்தயம் என்றால் பந்தயத் திடலில் மட்டும்.

சட்டமும் என் பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த நிறுவனம் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால், க்ளெய்ம் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சைலன்ஸரை அறுத்துவிட்டு ராஜவீதியில் சத்தம் போடும் தம்பிகள் இந்தப் பாராவை இன்னொரு முறை படிக்கலாம்.

நல்லவேளை, திடல் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே சொந்தமாகத் திடல் அமைத்தது. நீளம் 3.7 கிலோமீட்டர் சொச்சம். நம் ஆட்களுக்கு ரேஸ் என்றால் இப்போது அஜித்தான் ஞாபகம் வருவார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது எங்கள் டெஸ்க்கே விசில் அடித்தது. ஆனால், தம்பிக்கு ஹீரோ வேறு ஒருவர். கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா கார் செய்து, கையில் பெரிய பணம் இல்லாத பையன்களும் ரேஸ் ஓட்ட வழி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். கரிவரதன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் ஒரு திடல் இருக்கிறது. "வீட்டுக் கார் இன்ஜின்லயே பண்ணினாருக்கா" என்று தம்பி சொல்லும்போது, அவன் எதைப் பார்க்கிறான் என்று புரிகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புகள் காசு வாங்கிக்கொண்டு சாதாரணக் கார்களை ஓட்டவிடும் நாள்கள் உண்டு. ஹெல்மெட் கட்டாயம், கார் சோதனை கட்டாயம், ஆம்புலன்ஸ் நிற்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை டோ வண்டியில் ஏற்றி அனுப்பினோம். நான், அப்பா, மாஸ்டர் மூவரும் பஸ்ஸில் போனோம். அப்பா புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார், ஏதோ திருப்பதிக்குப் போகிற மாதிரி.

மேப் திருத்தியவர் முதல் மூன்று சுற்று மெதுவாகத்தான் போகச் சொல்லியிருந்தார். நான்காவது சுற்றில் நேர்ச்சாலையில் தம்பி முழுசாக அழுத்தினான். கூழாங்கல் சத்தம் இல்லை. எனக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வண்டி உள்ளே வந்ததும் லேப்டாப்பில் ரெக்கார்டைப் பார்த்தார்கள். 6,000 சுற்றில் டியூட்டி சைக்கிள் 71. அதாவது, 20-ல் 14 மில்லிசெகண்ட். கலவை சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது. வேகம் பழைய வேகம்தான். 28,000 ரூபாய்க்கு ஒரு குதிரைகூடக் கூடவில்லை. பிஸ்டன் பிழைத்ததுதான் லாபம். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் திரையில் வேறொரு கோட்டைக் காட்டினார். பெட்ரோல் அழுத்தம். 3 பாரில் நிற்க வேண்டியது, சுற்று ஏற ஏற 2.8-க்கு இறங்கியிருந்தது.

"பம்ப் களைச்சிடுச்சு. இத்தனை வருஷ வண்டி. அடுத்து அதையும் பாத்துடணும்" என்றார்.

தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா டிபன் பாக்ஸை மூடினார்.

"அது எத்தனை புடவை?"

"ஒண்ணுதான்ப்பா..."

"தீபாவளி ஆர்டர் முடியட்டும்" என்றார் அப்பா. "அதையும் ஆன்லைன்ல வாங்காத."